பவுலினாவின் ஜீப்புக்குப் போட்ட பைப்

பவுலினா இரண்டு மாதமாகத் தன் ஜீப்பில் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மாம்புரியிலிருந்து கடற்கரை மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோய், திரும்பும்போது மீன் ஏற்றிவருவது அவள் தொழில். ஒருநாள் கரையோரப் பாறையில் ஜீப் பக்கவாட்டில் குந்தியதில், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் மேலே நசுங்கி, சாரதிப் பக்கக் கதவு இறுகிப்போனது. மற்றப் பக்க இருக்கையிலோ எப்போதும் ஐஸ் பெட்டி. நாற்பத்தைந்து வயதில் சட்டையைச் செருகிக்கொண்டு ஜன்னலால் பாய்வதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை.

அப்படித்தான் தில்லையடியில் ஹுனைஸின் வெல்டிங் கடை வாசலிலும் வந்து பாய்ந்தாள்.

ஹுனைஸும் அவன் மனைவி ஹிதாயாவும் சேர்ந்து நடத்திய கடை அது. வேலைக்கு நின்ற இரண்டு பேரும் கத்தாருக்குப் போய்விட்டபோது, தையல் மெசினில் இருந்த ஹிதாயா எழுந்துவந்து வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டாள். அதற்கு இப்போது ஆறு வருடம். கடையில் நேரான ஒட்டு யாருடையது என்று கேட்டால் ஹுனைஸே அவளைக் கை காட்டுவான்.

"கதவு திறந்தாப் போதும்தானே?" என்று ஹுனைஸ் கேட்டான்.

"காணாது நானா. வாற மாசம் கற்பிட்டிப் பக்கம் ஜீப் ஓட்டப் போட்டி ஒண்டு வைக்கிறாங்க. நானும் பேர் குடுத்திட்டன். கல்லுல ஏறி ஓடுறதுக்கு ரெண்டு பக்கக் கதவுக்கும் கீழ காவல் பைப் இருக்கவேணுமாம். விழுந்தா ஜீப் அந்தப் பைப்புலதான் விழவேணும். ஜெக் வச்சு அதுல ஜீப்பைத் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளுக்கு விடுவாங்களாம்."

"நீங்களா ஓட்டப் போறீங்க?"

"அவங்க விளையாட்டுக்கு ஓட்டுறதத்தான் நான் ஒவ்வொரு நாளும் ஐஸ் பெட்டியோட ஓட்டுறன்."

ஹிதாயா சிரித்துக்கொண்டே கையிலிருந்த கிரைண்டரைக் கீழே வைத்தாள். ஆறு வருடமாக அவள் செய்ததெல்லாம் கேற்றும் ஜன்னல் கம்பியும்தான். கொண்டுபோய்ப் பூட்டினால் அங்கேயே நின்றுவிடும் சாமான்கள். தான் ஒட்டிய இரும்பு கல்லில் ஏறி விழுந்து எழும்பப்போகிறது என்று நினைக்கவே அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது.

முதல் வேலையை ஹுனைஸ் தன் விருப்பப்படிதான் செய்தான். நசுங்கிய சட்டத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, அதோடு ஒரு சதுரப் பெட்டிப் பைப்பை நீளத்துக்கும் வைத்து ஒட்டினான். கறுப்புப் பெயின்ற் அடித்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஹிதாயா குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இஞ்ச பாருங்க, இது துருப்பிடிச்ச தகரம். இதுல ஒட்டினா இது எப்படித் தாங்கும்? அடியில ஓடுற கனத்த இரும்பு, செசி, அதுலதான் பிடிக்கோணும்."

"எத்தினை கேற் தூக்கி நிறுத்தி இரிக்கன். ஒரு ஜீப்பை நிறுத்த ஏலாதா?"

ஜெக்கைப் பைப்புக்குக் கீழே வைத்து நாலு அடி அடித்தார்கள். பைப் மேலே வந்தது, ஜீப் வரவில்லை. தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரிச் சட்டம் உள்ளே அமுங்கி, கதவின் பிளாஸ்டிக் கைபிடி தெறித்து நிலத்தில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானா," என்றாள் பவுலினா மெதுவாக, "இப்ப ஜன்னலும் திறக்காது போல."

ஹுனைஸ்தான் முதலில் சிரித்தான். சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். "சரி புள்ள, நீ சொல்லு. நான் பிடிக்கிறன்."

ஹிதாயா பாயை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தாள். செசியின் இரும்பை விரலால் தட்டித் தட்டி, துரு இல்லாத இடங்களுக்குச் சோக்கால் அடையாளம் வைத்தாள். பக்கத்துக்கு மூன்று கால்கள். கால் போய் முட்டும் இடமெல்லாம் கனத்த தகடு. கால்கள் தாங்கும் பைப் கதவுக்குக் கீழே ஓடும். ஆனால் ஜீப்பின் உடம்பில் எங்கும் படக்கூடாது, ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பின்பக்கம் வரும்போது பைப் வெளியே வளைய வேண்டும். கல்லோ மரமோ உரசினால் அந்த வளைவு ஜீப்பின் வாலை அப்பால் தள்ளிவிடும்.

காலின் நுனி பைப்பின் உருண்டையோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். ஹுனைஸ் அளவெடுத்து இரண்டு முறை வெட்டியும் சரிவரவில்லை. ஹிதாயா வீட்டுக்குள் போய்த் தையல் கத்தரிக்கோலையும் பழைய கலண்டர் தாளையும் எடுத்துவந்தாள்.

"சட்டைக் கை வெட்டுறதும் இதுவும் ஒண்டுதான். தோள் வளைவுக்குக் கை பொருந்தாட்டிச் சுருக்கு விழும்."

தாளை வளைவாக வெட்டிப் பைப்பில் சுற்றிக் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் வெட்டியதும் கால் பைப்பைக் கவ்விக்கொண்டு நின்றது. பவுலினா குனிந்து வெட்டிய நுனியைப் பார்த்து, "பாரை மீன் வாய் திறந்த மாதிரியே இருக்கு" என்றாள்.

வளைக்கும் வேலைதான் கஷ்டம். வெறும் பைப்பைச் சூடாக்கி வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணல் நிரப்ப வேண்டும். மணலில் ஈரம் இருந்தாலோ, ஆவி கிளம்பிப் பைப்பே வெடிக்கும். பவுலினா ஒரு சாக்கு மணல் கொண்டுவந்தாள். ஹிதாயா பெரிய தாச்சியை அடுப்பில் வைத்து, கச்சான் கடலை வறுப்பதுபோல அதைக் கைவிடாமல் வறுத்தாள். தெருவால் போன நஃபீஸா மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வறுக்கிறீங்க, வாசமே இல்ல?" என்றார்.

"மணல் மாமி."

"மணலா? யாருக்குத் தின்ன?"

"ஜீப்புக்கு!"

மாமி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு நுனியையும் அடைத்து, காஸ் நெருப்பில் பைப் பழம்போலச் சிவந்ததும் ஹுனைஸும் பவுலினாவும் சேர்ந்து இழுத்தார்கள். பைப் நசுங்காமல் இளகி வளைந்தது. மாமி கை தட்டினார்.

ஜீப்பின் பற்றரியைக் கழற்றிவிட்டு, ஹிதாயா இரண்டு நாள் அடியில் படுத்து ஒட்டினாள். நசுங்கிய சட்டத்துக்கு ஹுனைஸ் புதுத் தகடு போட்டான். கதவு திறந்தது. ஜெக் வைத்தார்கள். "பிஸ்மில்லாஹ்" என்று ஹிதாயா முதல் அடி அடித்தாள். முன் சக்கரம், பிறகு பின் சக்கரம் என்று ஒரு பக்கம் முழுவதும் நிலத்தை விட்டு எழும்பியது. பைப் அசையவே இல்லை.

"போட்டிக்கு ஒரு ஜீப்புல ரெண்டு பேர் போகவேணும்," என்றாள் பவுலினா. "தம்பி டிலக்‌ஷன் கல்லைக் கண்டாக் கண்ணை மூடிக்கொள்ளுவான். நீங்க வாங்க ஹிதாயா. செஞ்ச ஆள்தான் பக்கத்துல இருக்கவேணும்."

ஹிதாயா கணவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளுக்கு ஹெல்மெட் யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

போட்டி தென்னந்தோட்டமொன்றில், பகல் வெயிலில் நடந்தது. பதினாறு ஜீப்புகள். வாகனங்களைச் சோதித்த இளைஞன் பவுலினாவின் ஜீப்பை ஜெக்கில் தூக்கிப் பார்த்தான். அடியில் படுத்து ஒட்டுகளையெல்லாம் தடவினான். இதை எங்கே செய்வித்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். ஹுனைஸ் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைக் காட்டினான். இளைஞன் அவளையும் பைப்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நம்பர் தாளைத் தானே கண்ணாடியில் ஒட்டிவிட்டான்.

மணலிலும் சேற்றிலும் பவுலினா சிரமமில்லாமல் ஓட்டினாள். கடைசியில் கற்கள். லொறியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கற்கள், ஒவ்வொன்றும் ஐஸ் பெட்டியளவு. பாதி வழியில் ஹிதாயாவின் பக்கச் சக்கரம் வழுக்கி, ஜீப் 'தொம்' என்று ஒரு கல்லின்மேல் விழுந்தது.

"யா அல்லாஹ்!"

"உடைஞ்சிட்டுதா?" பவுலினா கத்தினாள்.

ஹிதாயா மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். கீழே இரும்பு கரகரவென்று உரசியது.

"இல்லக்கா. ஒட்டு விட்டாப் பட்டெண்டு வெடிக்கும். இது பைப் வழுக்குற சத்தம். பின்னால எடுக்காதீங்க! அப்படியே போங்க!"

"உங்கள நம்பி விடுறன்!"

பவுலினா மிதித்தாள். முழு ஜீப்பும் பைப்பில் குந்தியபடி, கரைக்கு இழுத்த வள்ளம் மாதிரிக் கல்லின்மேல் சறுக்கியது. பின்வளைவு கல்லைத் தொட்டதும், யாரோ கையால் தள்ளிவிட்டதுபோல வால்பக்கம் விலகி, நாலு சக்கரமும் நிலத்தில் நின்றன. ஹிதாயா தன்னை அறியாமல் குலவைபோலக் கத்தினாள். வேலிக்கு வெளியே ஹுனைஸ் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஜீப்புக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தான். "என்ட பொண்டாட்டி ஒட்டின பைப்! என்ட பொண்டாட்டி!" என்று காண்பவரிடமெல்லாம் சொன்னான்.

அவர்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. ஒரு கிண்ணமும் இழுவைக் கயிறும் கொடுத்தார்கள். பரிசு வாங்கி வருவதற்குள் இரண்டு ஜீப்காரர்கள் ஹுனைஸிடம் கடை எங்கே என்று விசாரித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பவுலினா ஆளில்லாத கடற்கரையில் ஜீப்பை நிறுத்தி, இறங்கிச் சுற்றிவந்து ஹிதாயாவின் கதவைத் திறந்தாள்.

"அங்கால மாறி இருங்க. இனி நீங்க ஓட்டுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"கடல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம். முட்டுறதுக்கு என்ன இருக்கு?"

பின்னால் வெறும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இருந்த ஹுனைஸ், "மெதுவா புள்ள, மெதுவா, நான் இஞ்ச இரிக்கன்!" என்று சத்தமிட்டான். ஹிதாயா கியரைப் போட்டாள். ஜீப் துள்ளி நின்றது, மறுபடியும் துள்ளியது, பிறகு ஓடத் தொடங்கியது. ஈரமணலில் தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. அவள் சிரிப்பை நிறுத்த முடியாமல், காலையும் எடுக்காமல், கரை நீளத்துக்கும் ஓட்டிக்கொண்டே போனாள்.