கோல்டர் சபையின் நாற்பத்திரண்டாவது கை

"உனக்குக் கை தூக்கவே தெரியாதா?" என்று ஆறாம் வகுப்பு ஆசிரியை ஆர்வெல்லா டாக்கெட்டிடம் ஒருமுறை கேட்டார். விடை தெரிந்தபோதும் அவள் கை தூக்கியதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தபோதும் தூக்கியதில்லை. வகுப்பு முழுவதும் பார்க்கப் பாவாடை நனைந்த அன்று பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றாள். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1957 ஆகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிறு, பகல் பன்னிரண்டு இருபதுக்கு, அவள் வாழ்நாளில் முதன்முறையாகப் பலர் முன்னிலையில் வலது கையைத் தூக்கினாள். அந்தக் கை அவள் சாகும்வரை, முப்பத்தாறு ஆண்டுகள், கீழே இறங்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் ஆர்க்கன்சா மாநிலத்தில் பருத்தி விளைச்சல் சுமார்தான்.

அவள் கை தூக்கியது ஓடெல் ப்ரூயிட்டுக்கு எதிராக. ஓடெலின் பெயர் இன்று தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவன் முதலில் பாடியது பருத்தி அரவை ஆலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கோல்டர் சபையில். அவன் பியானோ வாசித்துப் பாடுவான், பக்கத்தில் நின்று ஆர்வெல்லா இரண்டாம் குரல் கொடுப்பாள். அவன் பாடும்போது யாரும் வேறெங்கும் பார்ப்பதில்லை என்பதால்தான் அவளால் பாட முடிந்தது. இருபது வயதில் அவன் பாடிப் பிழைக்க மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போனான். இருபத்துநான்காம் வயதில் ராக் அண்ட் ரோல் பாடகனாகத் தொலைக்காட்சியில் வந்து, பியானோ நாற்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுப் பாடினான். நாற்காலியை உதைத்ததைக்கூட நாங்கள் பொறுத்திருப்போம். அவன் பாடிய மெட்டு, பாவிகளைப் பீடத்துக்கு அழைக்கும்போது எங்கள் சபையில் பாடுகிற மெட்டு. அதை மூன்று மடங்கு வேகமாக்கியிருந்தான். நாங்கள் முழங்கால்படியிட்டு அழுத மெட்டுக்குச் சிகாகோவில் பெண்கள் கூச்சலிட்டு மயங்கி விழுந்தார்கள்.

சபைக்கு ஒரு விதிப்புத்தகம் இருந்தது. பாவத்தில் நிலைத்திருக்கும் அங்கத்தினரை, மற்றவர்கள் கை தூக்கி ஓட்டளித்துச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். மனந்திரும்பி வந்தால் மறுபடி சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது எதிராக ஒரு கைகூட உயர்ந்திருக்கக் கூடாது. அந்த ஞாயிறு போதகர் டில்மன் குற்றத்தை வாசித்து, நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நாற்பத்தொரு கைகள் எழுந்தன. சபை எழுத்தர் பிரதர் ஆர்லிஸ் ஒருமுறை எண்ணி, சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார். ஆர்வெல்லா கையை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சட்டை ஆலையிலிருந்து திரும்பும்போது, உணவுக்கடையின் பின்கதவு வலைக்கு வெளியே நின்று, உள்ளே இசைப்பெட்டியில் ஓடும் ஓடெலின் பாட்டை அவள் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போதகரின் மனைவி இமோஜின், சவ அடக்கக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு, ஆனால் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லார் கையும் மேல போயாச்சு. உன்னோடது மட்டும் ஏம்மா மடியில தூங்குது? இல்ல, அதுவும் மெம்ஃபிஸுக்குப் போயிடுச்சா?"

இரண்டு வரிசைகள் திரும்பிப் பார்த்தன. ஆர்வெல்லாவுக்கு முகம் எரிந்தது. ஓடெல் பாவி என்று நம்பி அவள் கை தூக்கவில்லை. திரும்பிய முகங்கள் மறுபடி முன்னே திரும்ப வேண்டும் என்பதற்காகத் தூக்கினாள். முகங்கள் திரும்பின. ஆர்லிஸ் அதற்குள் எழுதியிருந்த நாற்பத்தொன்றை அடித்து, நாற்பத்திரண்டு, ஒருமனதாக, என்று எழுதினார்.

எங்கள் கைகள் இறங்கின. உடனே முடிவு ஜெபம் தொடங்கியதால் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லி மறுபடி கைகளை உயர்த்தினோம், மறுபடி இறக்கினோம். ஆர்வெல்லாவின் கை மட்டும் மேலேயே நின்றது. அது ஜெபத்தில் உயர்ந்த கை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நடுவில் அது ஒரு தடவைகூட இறங்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கை வலிக்கவில்லை, மரத்தும் போகவில்லை. அவள் அம்மா எல்லாச் சட்டைகளின் வலப்பக்கத்தையும் வெட்டிப் பொத்தான் வைத்தார். குளிர்காலத்தில் அந்தக் கைக்கு மட்டும் இரண்டு கம்பளி உறை. சட்டை ஆலையில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும், மேற்பார்வைக்காரம்மா முதல் வாரம் முழுவதும், "மறுபடியுமா? உள்ள என்ன ஆறா ஓடுது?" என்று கேட்டுவிட்டு, இரண்டாம் வாரம் அவளை ஒற்றைக் கையால் செய்யக்கூடிய அட்டைப்பெட்டி வேலைக்கு மாற்றினார். ஒரு கோடையில் உள்ளங்கையில் குளவி மண்கூடு கட்டியது. குஞ்சுகள் பறந்துபோகும்வரை அவள் அதைக் கலைக்கவில்லை. இதற்குள் பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இரவும் பகலும் தேவனுக்குத் தூக்கிய கை என்று பேர் பரவியது. போதகர் அவளை முதல் வரிசைக்கு மாற்றினார். காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கொண்டுவந்து அந்தக் கைக்குக் கீழே உட்காரவைத்தார்கள், காய்ச்சல் விட்டது. யார் என்ன கேட்டாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் தாழ்மை என்றார்கள்.

ஓடெலுக்கு நடந்தது வேறு. நீக்கிவிட்டதாகச் சபை எழுதிய கடிதம் அவன் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அவனால் பக்திப்பாட்டுப் பாட முடியவில்லை. நடனப் பாட்டு எப்போதும்போல வந்தது. பக்திப்பாட்டுக்கு வாய் திறந்தால் வாய் அசையும், மூச்சு வெளியேறும், சத்தம் மட்டும் வராது. ஒலிப்பதிவுக்காரர்கள் மூன்று முறை நாடாவை மாற்றிப் பார்த்தார்கள். பியானோ மட்டும் பதிவாகியிருந்தது. கம்பெனி அந்த இசைத்தட்டைக் கைவிட்டது. அவன் ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் முழங்காலில் நின்றான். தான் நரகத்துக்குத்தான் போவோம் என்று உறுதியாக நம்பினான். நம்பிக்கொண்டே மேடைக்குப் போனான். பெரிய நகரங்களின் பெரிய போதகர்கள், எங்களிடம் வா, நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்று அழைத்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "என்னை வெளிய அனுப்பினது கோல்டர் சபை. அவங்க அனுப்பினது சரிதான். உள்ள கூப்பிடறதும் அவங்களாத்தான் இருக்கணும்."

1962இல் அவன் அம்மா இறந்துபோனார். தன் அடக்கத்தில் மகன் ஒரு பக்திப்பாட்டுப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடக்கம் திங்கட்கிழமை. ஞாயிறு காலை ஓடெல் தன் நீளக் காரை ஆலைக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் எழுந்து நின்று, "நான் பாடறது பாவம்னு சொன்னீங்க. இல்லேன்னு நான் ஒருநாளும் சொல்லல," என்றான். "நாளைக்கு அம்மாவுக்காக ஒரே ஒரு பாட்டு பாடணும். என்னை உள்ள சேர்த்துக்குங்க."

பலர் அழுதார்கள். சேர்ப்பதில் யாருக்காவது எதிர்ப்பு உண்டா என்று போதகர் கேட்டபோது யாரும் அசையவில்லை. ஆர்லிஸ் தொண்டையைச் செருமினார்.

"முதல் வரிசையில ஒரு கை இருக்கு, பாஸ்டர்."

"அது ஸ்தோத்திரக் கைப்பா."

"புத்தகத்துல கைன்னுதான் போட்டிருக்கு. எதுக்குத் தூக்கினதுன்னு கேக்கச் சொல்லல."

பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். போதகர் ஆர்வெல்லாவிடம் வந்து, ஒரு நிமிடம் மட்டும் கையை இறக்கிக்கொள்ளும்படியும், கர்த்தர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றும் மென்மையாகச் சொன்னார். அவள் நினைத்தால் இறக்க முடியும் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தோம். இறங்காது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். எப்போதிலிருந்து என்ற கேள்வி வரும். ஐந்து வருடமாக அந்தக் கைக்குக் கீழே குழந்தைகளைக் கிடத்திய தாய்மார்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"கர்த்தர் விடல," என்றார் இமோஜின்.

அந்த வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஓடெலை மறுப்பது சபை அல்ல, தேவனே என்று நாங்கள் புரிந்துகொண்டோம். ஓடெலும் அப்படியே புரிந்துகொண்டான். மறுநாள் கல்லறைக்குழியின் ஓரத்தில் நின்று அவன் நான்கு சரணங்களுக்கும் வாயசைத்தான். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சபைப் பெண்கள் மரத்தடி மேசையில் சோள ரொட்டியும் கோழியும் வெண்டைக்காய் வறுவலும் எடுத்துவைத்தார்கள். ஆர்வெல்லா இடது கையில் தட்டோடு நின்ற இடத்துக்கு அவன் வந்தான்.

"ஆர்வி, நீ பொய் சொல்லமாட்டே. அந்தக் கையை மேல இருந்து அவர்தானே பிடிச்சிருக்கார்?"

"ஆமா," என்றாள்.

"அப்போ சரி. வேண்டாம்னு சொன்னது யார்னு தெரிஞ்சா போதும்," என்றான். அவள் தட்டு சாய்ந்து வறுவல் புல்லில் கொட்டியது. அவன் குனிந்து பொறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் மிசூரியிலிருந்து கால் விளங்காத ஒரு பெண்குழந்தையைக் கொண்டுவந்து கைக்குக் கீழே உட்காரவைத்தார்கள். குழந்தை எழுந்து நடந்தது.  ஆர்வெல்லா எல்லாருக்கும் முன்னால் எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில், துணிக்கு இஸ்திரி போட்டபடியே, "இது ஸ்தோத்திரக் கை இல்ல, ஓட்டுப் போட்ட கை" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாள். சமையலறையில் அது தடங்கல் இல்லாமல் வந்தது. சபையில் உதடுவரை வந்து நின்றது. ஒன்பது ஆண்டுகள் இப்படிப் போயின. அதற்குள் ஓடெல் இரண்டு முறை மணந்து இரண்டு முறை விவாகரத்து செய்தான். எந்த ஊர் மேடையானாலும் ஏறுவதற்கு முன்னால் முழங்காலில் நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை. தேவன் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு எதற்கு ஜெபம் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொன்னால் அவர் இல்லையென்று ஆகிவிடுமா என்று அவன் திருப்பிக் கேட்டானாம்.

1971 அக்டோபரில், அறிவிப்பு இல்லாமல், அவன் மறுபடி வந்தான். முப்பத்தெட்டு வயதில் ஐம்பது வயதுக்காரனைப் போலிருந்தான். கழுத்தில் துணி சுற்றியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸ் ஆஸ்பத்திரில என் தொண்டையை அறுக்கறாங்க. அப்புறம் குரலே இருக்காதாம்," என்றான். "அவர் இன்னும் வேண்டாம்னுதான் சொல்றாரான்னு ஒருதரம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

போதகர் நரைத்திருந்தார். விதிப்படி கேட்டார். ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஓடெல் தலையாட்டினான். "விடுங்க பிரதர். பாத்துட்டேன்," என்று தொப்பியை எடுத்தான்.

அப்போது ஆர்வெல்லா எழுந்தாள். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் எழுந்தாள். சபை முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. வாய் திறந்தது; வாக்கியம் வரவில்லை. அவள் நடுப்பாதையில் இறங்கி வாசலை நோக்கி நடந்தாள். இமோஜின் பாவாடையைப் பிடித்து, "எங்கம்மா போறே? ஓட்டு நடக்குதுல்ல?" என்றார். அவள் துணியை விடுவித்துக்கொண்டாள். ஓடெலைத் தாண்டும்போது அவன், "நீ உக்காரு ஆர்வி. எனக்குப் பழகிப்போச்சு," என்று முணுமுணுத்தான். அவள் நிற்கவில்லை. வாசல் நிலை தாழ்வானது, முழங்காலை மடக்கி, கையை முன்னால் சாய்த்து, உடம்போடு அதையும் வெளியே கொண்டுபோனாள்.

தேவன் பிடித்திருக்கும் கை, ஓட்டு நடக்கும்போது எழுந்து வெளியே போகாது. அது முதலில் புரிந்தது ஆர்லிஸுக்கு. பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, 1957 ஆகஸ்டில் நிறுத்தி, நாற்பத்தொன்று என்று முதலில் எழுதி அடித்துத் திருத்தியிருந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தைப் போதகரிடம் காட்டினார். போதகர் வாய்விட்டு வாசித்தார். அன்று கடைசியாக உயர்ந்த கை யாருடையது என்று எங்களுக்கு நினைவு வந்தது. எங்கள் கைகள் எங்கள் மடியில் கிடந்தன. யாரும் விசிறவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. இமோஜின் தன் வலது கையை இடது கைக்குக் கீழே ஒளித்துவைத்தார்.

போதகர் மறுபடி கேட்டார். எதிராகக் கை இல்லை. ஆர்லிஸ் ஓடெல் ப்ரூயிட் என்று எழுதித் தேதி போட்டார். ஓடெல் பியானோவில் உட்கார்ந்தான். முதல் வரியிலேயே குரல் வந்தது; கரகரப்பாக, இரண்டாம் சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கி, ஆனால் வந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன.

ஆர்வெல்லா அப்போது பருத்திக்காட்டு ஓரமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தாள். எதிரே லாரியில் வந்த வெளியூர்க்காரர் தனக்குத்தான் கை காட்டுகிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கை காட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல், கை உயர்ந்தபடியே போனாள்.