நித்யஸ்ரீயின் உறுமல்

நாமகிரிப்பேட்டை சென்னியப்பன் மகள் நித்யஸ்ரீ, பதினோராம் வகுப்பில் மனிதக் குரலை விட்டு மிருகக் குரலுக்கு மாறினாள். அந்தக் குரலைச் செய்தவன் அவளுடைய அண்ணன் மோகன்குமார். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கோழித் தீவன ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன். பகலில் தூங்காமல் வீடியோ கேம் மிருகங்களுக்குக் குரல் செய்துகொண்டிருந்தான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கூலியும் கிடையாது. எருமை அசைபோடுவது, லாரியின் ஏர் பிரேக், மஞ்சளை மெருகேற்றும் டிரம்மின் உருளல், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவனே உறுமியது எல்லாவற்றையும் போனில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். இணையத்தில் பழக்கமான சிலர் ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். மண்ணுக்கடியில் அடைபட்ட மிருகத்துக்குக் குரல் கேட்டார்கள். அவன் அனுப்பியதையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். "சத்தம் இருக்கு, கோவம் இல்ல" என்றார்கள்.

கோபம் நித்யஸ்ரீ படித்த நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் தூக்குப்போசியோடு போய், மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வரலாம். நித்யஸ்ரீ கோழிக்குழம்பைத் தொடவில்லை. "அப்பா, என்னால முடியலீங்க. என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். போகும்போதெல்லாம் சொல்வதுதான். "எல்லாப் புள்ளைகளும் படிக்கறதில்ல? உனக்கு மட்டும் என்ன நோவு? தின்னு சாமி, ஆறிப் போவுது" என்றார் சென்னியப்பன். அடுத்தடுத்த மரத்தடிகளிலும் அதே கெஞ்சல், அதே பதில். அம்மா சௌந்திரம் கறியைப் பிய்த்து இலையில் வைத்தாள். படிப்பை விட்ட மோகன்குமாரின் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. அவன் தங்கையை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, போனில் பதிந்துகொண்டான்.

வீட்டில் அந்தக் குரலை இழுத்து, தாழ்த்தி, அடியில் டிரம்மையும் பிரேக்கையும் வைத்து அனுப்பினான். இந்த முறை ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் வகுப்பில் வேதியியல் விடை ஒப்பிக்க எழுந்த நித்யஸ்ரீயின் வாயிலிருந்து உறுமல் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கீறல் விட்டன. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். பள்ளித் தாளாளர் சென்னியப்பனை வரவழைத்து, "ரிசல்ட்டு கெட்டுப்போயிருமுங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். ஒரு பெண் நல்ல தமிழில் ஒரு வருடம் கெஞ்சியதும் இதைத்தான். தாளாளர் சொன்னபோதுதான் சென்னியப்பனுக்குக் காது கேட்டது. பெட்டியை அவரே தூக்கி வந்தார்.

"இந்த உறுமல் வேண்டாம்னா சொல்லு கண்ணு, அந்த பைலை அழிச்சுப்போடறேன்" என்றான் மோகன்குமார். அவள் அவன் முகத்துக்கு நேராக உறுமினாள். அவன் அழிக்கவில்லை. எந்த உறுமல் பசி, எந்த உறுமல் கோபம் என்று பிரித்தறியச் சௌந்திரம் பழகிக்கொண்டாள், கோபம்தான் அதிகம். "ஒரு தடவ அப்பான்னு கூப்புடு சாமி" என்று சென்னியப்பன் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தார், பிறகு கேட்பதை நிறுத்தினார். ஜூனில் அவளை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் வருகைப் பதிவில் பெயர் வந்ததும் எழுந்து உறுமினாள். கூரைமேல் இருந்த புறாக்கள் பறந்தன. ரஞ்சனி டீச்சர் தலை நிமிராமல் அவள் பெயருக்கு நேராகக் குறித்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.