பெயரில்லாத மாத்திரை

தைராய்டு பார்க்கலாம் என்று சொல்லித்தான் அம்மா என்னைத் தருமபுரிக்கு அழைத்து வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரு கிளினிக். யாரும் ரத்தம் எடுக்கவில்லை. டாக்டர் என் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா கலைமதி, அன்பரசின்னு ஒரு பொண்ணாமே. எத்தன வருசப் பழக்கம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். போன வாரம் என் போன் அரை நாள் காணாமல் போய், அரிசி டிரம் மேல் கிடைத்தது. அது எப்படி அங்கே போனது என்று இப்போது தெரிந்தது.

"மூணு மாசம் மாத்திர, வாரம் ஒரு ஊசி. மாறிடுவா. தையில கல்யாணமே வெச்சிக்கலாங்க" என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். ஒரு காகித உறையை நீட்டினார். அட்டையிலிருந்து உதிர்த்துப் போட்ட மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள். பெயர் இல்லை.

"என்ன மருந்துங்க இது?" என்று கேட்டேன்.

"நரம்புக்கு."

"எனக்கு என்ன நோயின்னு சீட்டுல எழுதிக் குடுங்க சார்."

"பிஎஸ்சி முடிச்சா டாக்டருக்கே பாடம் எடுப்பீங்களோ?" என்று சிரித்தார்.

"இது நோயே இல்லீங்க. மாத்தறேன்னு மருந்து குடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்குது. மெடிக்கல் கமிஷனும்..." மீதி வரவில்லை.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நீ வெளிய உக்காரும்மா."

நான் எழவில்லை. அம்மா உறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அட்டைய குடுங்க" என்றாள் அம்மா.

"எந்த அட்ட?"

"மாத்திர இருந்த அட்ட. எங்க மாட்டுக்கு ஊசி போட்டாலே காலி பாட்டில வாங்கி வெச்சிக்குவேன்."

இரண்டு வருடம் முன்பு யாரோ போட்ட ஊசியில் எங்கள் கன்று துடித்தது. என்ன ஊசி என்று அடுத்து வந்த மாட்டு டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கன்று செத்தது. அன்றிலிருந்து மாட்டுக் கொட்டகையில் ஒரு பை நிறையக் காலி பாட்டில்கள்.

"அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சுங்க."

"அப்ப பேர எழுதுங்க. கையெழுத்தும் போடுங்க."

"நம்பிக்க இல்லாதவங்க எதுக்கு வந்தீங்க?"

அம்மா உறையை மேசைமேல் வைத்தாள். "கெளம்பு புள்ள."

ஊருக்குத் திரும்பும் அதியமான்கோட்டை பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி நகர்ந்த பிறகு கேட்டாள்:

"கோர்ட்டுன்னியே, நெசமா? அவன மாதிரி நீயும் வாய்ல சொன்னா நம்ப மாட்டேன். காட்டு."

செய்தியைத் தேடி எடுத்தேன். அம்மா போனுக்குக் கை நீட்டினாள். கொடுக்க மனம் வரவில்லை. இறுகப் பிடித்தபடி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.