சோப்பக்காவின் பிரஷ் பெட்டி

சுத்தம் சோறு போடும் என்பார்கள். சோப்பக்காவுக்கு அது மாதா மாதம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் மேக்கப் அறையில் பதினோரு வருடமாக அவள்தான் எல்லாம். செய்தி வாசிக்கிறவர்கள், பேட்டிக்கு வருகிறவர்கள், விவாதத்தில் கத்திவிட்டு வியர்த்து வழிகிறவர்கள் என்று யார் வந்தாலும் முதலில் அவளிடம்தான் முகத்தைக் கொடுத்தாக வேண்டும். அவளோ முகத்தைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுவாள், தொட்டபின் கழுவுவாள், நடுவில் போன் அடித்தால் போனைத் துடைத்துவிட்டு மறுபடி கழுவுவாள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

போன மாதம் அவளுடைய பழைய பிரஷ்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. எட்டு வருடம் உழைத்த உசத்தியான ரகம். ஒன்றின் கழுத்து ஆடியது. இன்னொன்று, பேட்டிக்கு வந்த ஒரு பெரிய மனிதரின் மூக்கில் மூன்று முடியை விட்டுவிட்டு வந்தது, அவர் பேட்டி முழுக்கத் தும்மினார். அதே ரகம் புதிதாக வேண்டும் என்று சோப்பக்கா தயாரிப்பாளரிடம் போய் நின்றாள். காலைச் செய்தியைக் கட்டி மேய்க்கிற மனிதர் அவர். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். விலை மாறவில்லை.

“அக்கா, இந்தக் காசுக்கு இன்னொரு கேமராவே வாங்கிடலாம்” என்றார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சோப்பக்காவின் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

“விலையில என்ன சார் இருக்கு? சுத்தமா வெச்சுக்கிட்டா மலிவு பிரஷ்ஷும் ராணி மாதிரி வேலை செய்யும். நான் பாத்துக்கறேன்.”

மூன்று செட் வாங்கினாள். மூன்றும் சேர்ந்தே பழையதில் இரண்டு பிரஷ் விலைதான். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பரீட்சை வைத்தாள். முடியை இழுத்துப் பார்த்தாள். சோப்பு நீரில் ஐந்து முறை குளிப்பாட்டினாள். வெள்ளைத் தாளில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசிப் பரீட்சை வீட்டுக்காரரின் தலை.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யார் எந்தச் சுவரை நோக்கிப் போனாலும் பதறாமல் பிரேக்கில் காலை வைத்திருப்பது தொழில். அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிலேயே முடியெல்லாம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட அந்த உச்சந்தலையில் தோல் மெல்லிசு, சின்னதாகக் குத்தினாலும் தெரியும். அங்கே வைத்துப் பார்க்காமல் சோப்பக்கா எந்தப் பிரஷ்ஷையும் வேலைக்கு எடுத்துப் போனதில்லை. பார்த்தபின் இரண்டு தரம் கழுவுவாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

“இது எப்படிங்க?”

“துடைப்பம்.”

“இது?”

“துடைப்பத்தோட தங்கச்சி.”

மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். மனிதருக்குக் கண் சொருகியிருந்தது. அந்த செட் பாஸ்.

நெருக்க நெருக்கமாக முடி வைத்த பிரஷ்கள் அவை. பவுண்டேஷனை ஒரு துளி வைத்துச் சுழற்றினால் கோடு தெரியாமல் பரவும். இதற்கெல்லாம் மேல், மூடியோடு ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி இலவசமாக வந்திருந்தது. உள்ளே ஒரு தூசி போகாது. பிரஷ்ஷைவிட அந்தப் பெட்டியைத்தான் சோப்பக்கா அதிகம் காதலித்தாள். தினமும் மதியச் செய்தி முடிந்ததும் கழுவுவாள், மின்விசிறிக்குக் கீழே துண்டில் படுக்க வைப்பாள், இரண்டு மணி நேரம் கழித்து நுனியைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று பெட்டிக்குள் வைத்து டப்பென்று மூடுவாள். மறுநாள் காலையில் திறப்பாள். மேக்கப் அறைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக் காட்டி, “என்ன விலைன்னு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தயாரிப்பாளரே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு வாரம் போயிருக்கும். காலைச் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத் தாடையோரம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது. முதலில் நாலு, பிறகு பத்து, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். முகம்தான் முதலீடு என்கிற தொழிலில் இருக்கிற பெண், பாவம், கண்ணாடி பக்கம் திரும்பவே பயந்தாள். மாலைச் செய்தி வாசிக்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்கு மேலாகக் கொஞ்சம் பவுடர் போடுவதோடு சரி, எருமைத் தோல் வேறு.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் மேக்கப் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நல்ல செய்தி கொண்டு வருகிறவர் வாசலில் நிற்க மாட்டார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு பிரஷ்ஷைத்தான் சந்தேகப்படுது. நாளைக்கு டாக்டர்கிட்ட போகுதாம். பிரஷ்தான் காரணம்னா வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லுது. உங்க ஒப்பந்தம் வேற இந்த மாசம் புதுப்பிக்கணும். திங்கட்கிழமை பேசலாம்.”

சோப்பக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். பிரஷ் அழுக்கு என்றால் அவளே அழுக்கு என்று சொன்ன மாதிரி. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“நீங்களே சொல்லுங்க. குத்துதா? அரிக்குதா? ஏதாவது பண்ணுதா?”

பெட்டியைத் திறந்து, பெரிய பிரஷ்ஷை எடுத்து, கோபத்தில் வழக்கத்தைவிட அழுத்தமாகவே உச்சந்தலையில் வைத்துச் சுழற்றினாள்.

“சில்லுன்னு இருக்கு” என்றார் அவர்.

“எப்படி இருக்கும்? நேத்து மத்தியானம் கழுவினது. காஞ்சு போயாச்சு.”

“எனக்கு என்னம்மா தெரியும்? தலை சில்லுங்குது.”

“உங்க தலைக்கு வயசாயிடுச்சு.”

“இருக்கலாம். ஆனா ஈரம்.”

சோப்பக்கா நுனியைத் தொட்டாள். பஞ்சு மாதிரி உலர்ந்திருந்தது. மனிதருக்கு வேலை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு டிஷ்யூவை எடுத்து, பிரஷ்ஷின் அடியில், முடியும் உலோகக் கழுத்தும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் நசுக்கினாள். டிஷ்யூ நனைந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மழைநாளில் மூலையில் கிடந்த துணியின் வாடை.

அடுத்த பிரஷ். அதற்கடுத்தது. ஐந்து டிஷ்யூ நனைந்து மேஜையில் கிடந்தன.

பழைய பிரஷ்களுக்கு முடி தளர்வு. இரண்டு மணி நேரத்தில் வேர்வரை காய்ந்துவிடும். எட்டு வருடப் பழக்கத்தில் கை அதே கணக்கை இதற்கும் போட்டுவிட்டது. இந்த நெருக்க முடிக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். அதையும் காற்றுப் போகாத பெட்டியில் போட்டு, தூசி விழுமே என்று மூடி, அவள் பொத்திப் பொத்தி வளர்த்தது கிருமியை. காலையில் ஈரமான பவுண்டேஷனைத் தொட்டுப் பூசும்போது உள்ளே இருந்த ஈரம் எங்கே தெரியப்போகிறது? ஊரில் இருக்கிற தூசிக்கெல்லாம் பயந்தவள், தன் கையால் கழுவிய தண்ணீருக்குப் பயப்படவில்லை.

அவமானத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் தலையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“இப்ப என்ன பண்றது?”

“எல்லாத்தையும் மறுபடி கழுவித் தலைகீழாத் தொங்கவிடணும். நீங்க போய் டிவி பாருங்க. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, நீங்க எதுக்குக் காயறீங்க?”

“எலிப்புழுக்கைங்கிறதை விட்டுட்டியே, நன்றி” என்று சொல்லிவிட்டு, அவர் போகாமல் ரப்பர் பேண்டுகளைத் தேடி எடுத்து வந்தார். துணி மாட்டுகிற ஹேங்கரில் பன்னிரண்டு பிரஷ்களும் முடி கீழே பார்க்க வரிசையாகத் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை அவள் மூன்று தரம் நசுக்கிப் பார்த்தாள். திங்கட்கிழமை விடிந்தபோது டிஷ்யூவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பேருந்தில் போகும்போதே என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போனாள். பேச விட்டால்தானே. மேக்கப் அறைக்குள் நுழைந்தால் செய்திப் பெண் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். டாக்டர் புதுசா என்ன போடறேன்னு கேட்டார். ஒரு கிரீம் மாத்தியிருந்தேன், அதைச் சொன்னேன். உடனே நிறுத்துங்கன்னுட்டார். நான் அநியாயமா உங்க பிரஷ்ஷைச் சொல்லிட்டேன். சார்கிட்டயும் பேசிட்டேன், உங்க ஒப்பந்தத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விழுந்த பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுதான் பாக்கி. பிரஷ் காய்ந்துவிட்டது, இனி தினமும் காயும். பொரிப்பொரியாக இருப்பது ஒரு வாரத்தில் அடங்கும். பழி கிரீமுக்குப் போகும், கிரீமுக்கு வாய் கிடையாது. நடந்தது உலகத்தில் யாருக்கும் தெரியாது, ஒரு வழுக்கைத் தலையைத் தவிர.

“பரவாயில்ல மேடம்” என்று சொல்லத்தான் சோப்பக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பெண் அதற்குள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, தாடையை உயர்த்திக் காட்டிவிட்டாள். சிவந்து கிடந்த அந்த இடம் விளக்குக்கு நேராக வந்தது. சோப்பக்காவுக்குக் கை நகரவில்லை. வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. அதைவிட இந்த முகத்தைத் தினமும் தொட வேண்டுமே என்பது பயமாக இருந்தது.

“மேடம், கிரீமும் காரணமா இருக்கலாம். ஆனா என் பிரஷ் ஈரமா இருந்துச்சு.”

பெண் கண்ணைத் திறந்தாள்.

“நுனியைத் தொட்டுப் பாத்துட்டுக் காஞ்சிடுச்சுன்னு நினைச்சு மூடி வெச்சுட்டேன். அடியில காயவே இல்ல. வாடையே வந்துடுச்சு. மூணு வாரமா அதைத்தான் உங்க முகத்துல வெச்சிருக்கேன். சனிக்கிழமைதான் கண்டுபிடிச்சேன். இப்ப காஞ்சிருக்கு. ஆனா உங்களுக்குத் தெரியணும்.”

அந்தப் பெண்ணின் கை தாடைக்குப் போனது.

“ஒரு வாரமா நான் வீட்டுல கூட முகத்தைத் துணியால மூடிட்டிருந்தேன் அக்கா.”

“தெரியும் மேடம்.”

“உங்களுக்குத் தெரியாது” என்றாள் அந்தப் பெண். குரல் உயரவில்லை, அதுதான் வலித்தது. “இன்னிக்கு நானே போட்டுக்கறேன்.”

தன் கைப்பையை எடுத்துக்கொண்டு அறையின் கடைசிக் கண்ணாடிக்குப் போனாள். ஒரு ஸ்பாஞ்சை வைத்து அவசர அவசரமாகப் பூசிக்கொண்டு, சோப்பக்காவைத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டுடியோவுக்குள் போய்விட்டாள்.

மேக்கப் அறைச் சுவரில் ஒரு டிவி உண்டு. செய்தி தொடங்கியது. சோப்பக்கா பார்க்கக் கூடாது என்று மேஜையைத் துடைத்தாள், பிறகு பார்த்தாள், பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஸ்டுடியோ விளக்கு ஈவிரக்கம் இல்லாதது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். தாடையில் இரண்டு நாட்டு எல்லை மாதிரி ஒரு கோடு. உலகச் சந்தை சரிந்ததையும் எங்கோ வெள்ளம் வடிந்ததையும் அந்தப் பெண் கணீரென்று வாசித்தாள், சோப்பக்காவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவளை அறியாமல் விரல் டிவி கண்ணாடியில் அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பதினோரு வருடம் ஓடிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். பிரஷ்களை எடுத்து உறையில் போடத் தொடங்கினாள். அழுதால் கையைக் கழுவ வேண்டியிருக்கும் என்று அழவில்லை.

வானிலை வந்தது. அது ஓடுகிற இரண்டு நிமிடமும் செய்தி வாசிக்கிறவருக்கு ஓய்வு. கூரை ஒலிபெருக்கி கரகரத்தது. தயாரிப்பாளரின் குரல்.

“சோப்பக்கா, ஸ்டுடியோவுக்கு. சீக்கிரம்.”

கையில் இருந்த பிரஷ்ஷோடும் பவுண்டேஷனோடும் ஓடினாள். செய்திப் பெண் விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை, முகத்தில் அப்படியே இருந்தது.

“கழுத்தும் மூஞ்சியும் வேற வேற ஆளோடதா இருக்காம். காதுல கத்தறாங்க.”

“ஆமா மேடம், கோடு விழுந்திருக்கு. ஸ்பாஞ்சுலயே சரி பண்ணட்டுமா?”

பெண் கையை நீட்டினாள். சோப்பக்காவுக்குப் புரிந்தது, பிரஷ்ஷைக் கொடுத்தாள். செய்திப் பெண் மேஜையில் இருந்த டிஷ்யூவை எடுத்து, பிரஷ்ஷின் அடிக்கழுத்தில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்கினாள். பிரித்துப் பார்த்தாள். விளக்குக்கு நேராகத் தூக்கியும் பார்த்தாள். கேமராக்காரர் கையைக் காட்டி, ஐம்பது நொடி என்றார்.

“இனிமே தினமும் எனக்கு இப்படிக் காட்டிட்டுத்தான் போடணும்” என்று பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தாள்.

“காட்டறேன் மேடம்.”

“சரி, போடுங்க” என்று சொல்லி, கண்ணை மூடித் தாடையை உயர்த்தினாள்.