யார் வீடு?

சைகாலுக்குச் சிறுநீர் கழிக்கப் போவதென்றாலே பயமாக இருந்தது. ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு தோட்டத்துக் கழிப்பறையிலிருந்து திரும்பும்போதெல்லாம் எரிச்சலில் உதட்டைக் கடித்துக்கொள்வாள். வந்து ஒரு வருடம்கூட ஆகாத மருமகள் இதை யாரிடம் சொல்வாள்? வெட்கத்தை விட்டு ஒருவழியாகச் சொன்னபோது, ஈரத் தரையில் உட்கார்ந்து குளிர் ஏறிவிட்டது என்று மாமியார் புருல் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். இடுப்பில் சூட்டுக்கு நாய்முடியில் நெய்த பட்டை கட்டி, சூடான உப்பு மூட்டையால் ஒற்றடம் கொடுத்தாள். எங்கள் ஊரில் பாதி நோய் குளிரால் வரும், மீதியைக் கண்ணேறு பார்த்துக்கொள்ளும். சோதனைக்குச் சிறுநீர் பிடித்துவரச் சொல்லி நர்ஸ் கொடுத்த குப்பி காலியாகவே கிடந்தது.

இன்று நடுக்கம் கண்டுவிட்டது. விலாவுக்குக் கீழே முதுகில் குத்தல், போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. ஆண்கள் ஆடுகளோடு மலையேறியிருந்தார்கள், அங்கே போன் எடுக்காது. புருல் மறுபடி உப்பு வறுக்கப் போனதும் சைகால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"ஊருக்குள்ள யார் வீடும்மா?"

"என் மாமனார் வீடு."

"எல்லா மருமகளுக்கும் மாமனார் உண்டு, தாயி. பேரச் சொல்லு."

புகுந்த வீட்டு ஆண்களின் பேரை மருமகள் சொல்லக்கூடாது என்பது எங்கள் முறை; தாஷ்தான் என்ற மாமனார் பேரை அவள் வாயெடுத்துச் சொன்னதில்லை. எங்கள் பேச்சில் தாஷ் என்றால் கல் என்பதால் கல்லைக்கூட 'கெட்டியானது' என்றுதான் சொல்வாள். புருஷன் பேருக்கும் அதே கதி. நீலக் கதவு என்று சொல்லிப் பார்த்தாள். ஊரில் எல்லாக் கதவும் நீலம்தான். சொல்லிவிட நினைத்தாள், ஆனால் முறை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து மறுபடி நீலக் கதவையே சொன்னாள்.

உப்பு மூட்டையோடு வாசலில் நின்ற புருல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், தலை நரைத்தும் புருஷனை 'நம்ம ஆளு' என்றே சொல்லி வந்தவள். மூட்டையைப் போட்டுவிட்டு சைகாலின் நெற்றியைத் தொட்டாள். தானே கெடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. போனை வாங்கினாள்.

"தாஷ்தான்."

"கேக்கலம்மா."

"தாஷ்தான் வீடு. தாஷ்தான். புள்ளத்தாச்சிக்குக் காய்ச்சல், பிள்ள அசையல. சீக்கிரம் வாங்கய்யா."

போனை வைத்துவிட்டு மருமகளின் வயிற்றில் இரு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டாள். பிள்ளை அசைகிறதா என்று இருவரும் காத்திருந்தார்கள். புருலின் உதடுகள் மட்டும், தன்னையறியாமல், அந்தப் பேரையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தன.