சூளைக் கடனுக்கு நான் எழுதிய அறிக்கை

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு கட்டுரை: நிலத்தோடு ஆளையும் அடகு வைத்த காலம், 1843-இல் வந்த ஒழிப்புச் சட்டம், ஆலைகளுக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம். ‘செங்கல்பட்டுச் சீமையில் ஒரு காலத்தில் அடிமைகள்…’

(முடிக்கவில்லை. ‘ஒரு காலத்தில்’ என்பது பொய்.)

2

நான் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. போன வருடம் கருங்குழிப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கப் போனேன். முதலாளி தாமோதரன் அறையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“ஆளுங்க கொழந்த சார். அம்மாக்காரி சந்தைக்குப் போய்கீது. வர்ற வரிக்கும் நான்தான் பாத்துக்கினு கீறேன்.”

உருகிப்போனேன். ‘தொழிலாளர்கள் சுதந்திரமாக வெளியே சென்று வருகிறார்கள். குடும்பச் சூழல்’ என்று அறிக்கை எழுதினேன். கடன் கிடைத்தது.

3

சிறுமியின் அம்மா ஞானம்மாள். அவளை அழுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். அவள் அழவே இல்லை.

போன மாதம் அதிகாரிகள் அந்தச் சூளையிலிருந்து ஞானம்மாளோடு சேர்த்துப் பதினொரு பேரை மீட்டார்கள். கொத்தடிமை என்று வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., சான்றிதழ் தந்தால்தான் முன்பணக் கடன் ரத்தாகும். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். “வெளியே போக விட்டாங்களா?” என்று அவளைக் கேட்டார்கள். “வாராவாரம் சந்தைக்குப் போவேன் சார்” என்றாள், உள்ளதை உள்ளபடி. முதலாளியின் வக்கீல் உடனே என் அறிக்கையை எடுத்து நீட்டினார்.

வெளியே வந்து அவளிடம் பேசினேன்.

“எம் பொண்ணு சிநேகாவ அவராண்ட வுட்டுட்டுப் போனாத்தான் சந்தை. முப்பதாயிரம் அட்வான்ஸு வாங்கிகீறோமே, ஓடிட்டா? எல்லாச் சூளையிலயும் அதான் வழக்கம்.”

“உள்ளே ஏம்மா சொல்லல?”

“யாரு கேட்டாங்க? நீ வந்தன்னிக்குக்கூட அது அங்கதான் குந்தினு இருந்துது. கண்ணால பாத்தியே சார், இன்னா எழுதின?”

4

(அடமானம் என்றால் என்னவென்று புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். பிஸ்கட் கண்ணில் பட்டது, அடமானம் படவில்லை. வயிறு எரிகிறது. தாமோதரன் மேல் பாதி, என் மேல் பாதி.)

5

முடிவு அ: என் அறிக்கை தவறு என்று ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. எனக்கு வேலை போகிறது.

முடிவு ஆ: மேலாளர் பிரபாவதி சொல்படி நடக்கிறேன். “பார்த்ததைத்தானே எழுதினீங்க? சும்மா இருங்க சார்.” ஞானம்மாள் குழந்தையோடு சூளைக்குத் திரும்புகிறாள்.

முடிவு இ: ஆத்திரம் தீரக் கதை ஒன்றை எழுதிவிட்டு, கடமை முடிந்ததென்று சும்மா இருந்துவிடுகிறேன். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆர்.டி.ஓ. முடிவு சொல்வது நாளை. கதையைப் பாராட்டி எனக்கு எழுதாதீர்கள். கடிதம் கொடுத்தாயா என்று கேளுங்கள்.