பன்னிரண்டு வாக்கியங்கள்

செவ்வாய்க்கிழமை தாமோதரனுக்குக் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். திருப்போரூரில் பதினாறு வருடமாக மனை விற்றவர் அவர். ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வெயிலில் நின்று பேசிப் பேசியே கையெழுத்து வாங்கியவர். "பேச முடியும்போதே வேண்டியதையெல்லாம் பதிவு பண்ணி வெச்சிடுங்க. அப்புறம் போன்ல அமுக்கினா உங்க குரல்லயே கேக்கும்" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லி அனுப்பியிருந்தார்.

மகள் சங்கரி ஆபீஸ் தோழியிடமிருந்து ஒரு மைக்கை இரவல் வாங்கி வந்தாள். சனிக்கிழமை அதன் ஒயரை லேப்டாப்பில் சொருகியதும் மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது. அதை அப்பாவின் வாயருகே வைத்து, நோட்டில் எழுதியிருந்த அறுபத்திரண்டு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தாள். முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசிச் சில வாக்கியங்களில் பாதி வெறும் காற்றுதான்.

ஞாயிறு காலை மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். தாமோதரன் எங்கோ பக்கத்துத் தெருவில் நின்று பேசுவது போலிருந்தது. சங்கரி தட்டச்சு செய்த சத்தம் அவர் குரலைவிடப் பெரிதாக இருந்தது.

"இன்னாடி இது? என் மிக்ஸி சத்தம்தான் தெளிவா கீது" என்றாள் அவர் மனைவி விஜயகுமாரி.

சங்கரி மைக்கை விரலால் தட்டினாள். திரையிலிருந்த கோடு அசையவில்லை. லேப்டாப்பின் ஓரத்தைத் தட்டினாள், கோடு எகிறியது. அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சொருகினா போதும்னு நெனச்சிட்டேன்பா. லேப்டாப்பு அதுக்குள்ள கீற மைக்லயே எடுத்துகினு இருந்துக்குது. செட்டிங்ஸ்ல போயி நான்தான் மாத்தியிருக்கணும்."

சொல்லிக்கொண்டே ஒலி அமைப்பைத் திறந்து, பட்டியலில் இரண்டாவதாக இருந்த வெளி மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடி தட்டியபோது கோடு குதித்தது. ஃபேனை நிறுத்தினாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் திட்டவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டார். "பன்னெண்டு சொல்றேன். அதுக்கு மேல தாங்காது."

நோட்டை வாங்கி அவரே அடிக்கத் தொடங்கினார். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, பசிக்கிறது எல்லாம் போயின. "இதுக்குக் கை போதும்" என்றார். மனை விற்கும் பேச்சு ஒன்பது வரி இருந்தது. அதன் மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஒரே கோடாக இழுத்தார். மிச்சம் வைத்ததில், கதவு தட்டினால் "யாரு அது?" என்று கேட்பது இருந்தது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் "என்னால பேச முடியாது, மெசேஜ் போடுங்க" என்பது இருந்தது. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இருந்தது. எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

"நாம சண்டை போட ஒண்ணும் வாணாமா?" என்று விஜயகுமாரி கேட்டாள். "நான் மட்டும் கத்திகினு இருக்கணுமா?"

"இன்னா சொல்லணும்?"

"எப்பவும் சொல்றதுதான். உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட."

சங்கரி சிரித்துவிட்டாள். தாமோதரன் மைக்கை நெருங்கி வாயைத் திறந்தார். சொல்ல வரவில்லை. இருபத்தெட்டு வருடமாகக் கோபத்தில் தானாகவே வந்து விழுந்த வார்த்தைகள். இப்போது கோபம் இல்லை, எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். இன்று எப்படிச் சொல்கிறாரோ, இனிமேல் ஆயுசு முழுக்க அதே தொனியில்தான் அவள் கேட்க வேண்டியிருக்கும்.

மற்ற பதினொன்றையும் முதலில் சொல்லி முடித்து, வெந்நீர் குடித்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "நான் யோசிச்சி சொல்றேன்."

"இத நீ எப்ப சொல்லிக்கீற?" என்றாள் விஜயகுமாரி.

"இனிமே."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்கு மாதம் கழித்து மனை ஆபீஸ் முதலாளி விஜயகுமாரிக்கு போன் செய்தார். பெண்கள் நிறையப் பேர் மனை பார்க்க வருகிறார்கள், பேசுவதற்கு நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார். அவளுக்கு ஆசைதான். ஆனால் தாமோதரனிடம் சொல்லும்போதே, மறுக்கப் போகிறார் என்ற நினைப்பில் குரல் உயர்ந்தது. இத்தனை வருடம் நீ போனில் மனை பேசியதையெல்லாம் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், எனக்கென்ன தெரியாது என்று கத்தினாள்.

அவர் போனை எடுத்து அமுக்கினார். "நான் யோசிச்சி சொல்றேன்."

அவள் நிறுத்திவிட்டாள். அந்தக் குரலுக்கு எதிராகக் கத்த முடியவில்லை.

உண்மையிலேயே யோசித்தார். தோட்டத்துப் பக்கம் போய் நின்றார், தினத்தாளைப் பிரித்துப் படிக்காமல் மடித்து வைத்தார். மறுநாள் காலை காபிக்கு வந்தபோது ஒரு சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

'போய்ட்டு வா. தண்ணி எத்தனை அடியிலன்னு கேட்டா மட்டும் பொய் சொல்லாத. நான் நிறைய சொல்லிட்டேன்.'

விஜயகுமாரி இரண்டு முறை படித்தாள். பிறகு பச்சைப் புடவையா நீலமா என்று அவரிடம் கேட்டாள்.